லா ஷப்பேலில் ஒரு போத்தில் ஆவாரம்பூ

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு பாரிஸ் புறநகர் சார்செல்லில் ரயில் ஏறினோம். கார் து நோர் ரயிலடி வரை ஆளுக்கு இரண்டரை யூரோ. என் மனைவி ஸ்டெல்லா வழிநெடுக வாயைத் திறக்கவில்லை. கோபமில்லை, குரல் இல்லை. புதுச்சேரியிலிருந்து அவள் தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பாரிஸ் குளிர் தொண்டையைக் கட்டிவிட்டது. மறுநாள் கோயிலில் அவள் மாதா பாட்டுப் பாட வேண்டும். மணப்பெண்ணின் இறந்துபோன அம்மா பாடும் பாட்டு அது. அத்தை அதைப் பாடினால் போதும், வேறு சீர் வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

பாடுவதற்கு முந்தின நாள் ஸ்டெல்லா ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பாள். அந்தப் பொட்டலம் ஊரிலேயே தங்கிவிட்டது.

ரயிலடிக்கு எதிரே மருந்துக்கடை. கைப்பேசியில் ஆவாரையின் தாவரப் பெயரைத் தேடி, முதல் பாதியை மட்டும் காட்டினேன். எத்தனை நாளாகத் தொந்தரவு என்று கடைப்பெண் கேட்டாள். வருஷக்கணக்காகக் குடிக்கிறாள் என்று என் புதுச்சேரிப் பிரெஞ்சில் பெருமையாகச் சொன்னேன். அவள் ஸ்டெல்லாவை இரக்கத்தோடு பார்த்து, ஆறு யூரோவுக்கு ஒரு பெட்டி கொடுத்தாள்.

ஸ்டெல்லா வெளியே வந்து பிரித்து முகர்ந்தாள். "என்னங்க, இது நிலாவாரை. பேதிக்குக் குடிக்கறது. நாளைக்கு நான் கோயில்ல நிக்கணுமா வேணாமா?" என்றாள், கிசுகிசுப்பாக.

ஆவாரை பெரிய குடும்பம். நிலாவாரை, பொன்னாவாரை, தகரை, சீமையகத்தி எல்லாம் பங்காளிகள், தாவரப் பெயரின் முதல் பாதி எல்லாருக்கும் ஒன்று. பூவெல்லாம் மஞ்சள்தான், குணம் வயிற்றுக்குள் போனால்தான் தெரியும்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலுக்கு நடந்தோம். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவதில் கல்லாவில் இருந்த பெண் இலங்கை மன்னார்க்காரி. கதையைச் சொன்னேன்.

"ஆவரசம்பூ கடைக்கு வாறேல்லை அண்ணை. எனக்கு ஊரிலயிருந்து வந்தது கொஞ்சம் கிடக்கு. அக்காவை இருக்கச் சொல்லுங்கோ."

கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணாடிப் போத்திலை எடுத்தாள். அடியில் ஒரு பிடிதான் இருந்தது. பாதியைக் கல்லா ஓரத்து மின்கெண்டியில் போட்டுக் கொதிக்கவைத்தாள், மீதியைத் தாளில் மடித்து, காலையில் குடிக்க என்று தந்தாள். கோப்பையோடு ஒரு துண்டுப் பனங்கட்டியும் வந்தது, நம் ஊர்க் கருப்பட்டி. ஸ்டெல்லா அதைக் கோப்பைக்குள் போடப் போனாள்.

"கலக்காதேங்கோ அக்கா. கடிச்சுக் கடிச்சுக் குடியுங்கோ."

நான் பணப்பையை எடுத்தேன்.

"காசு வேண்டாம் அண்ணை. பாடினாப் பிறகு வந்து சொல்லுங்கோ, அதுவே காணும்."

சனிக்கிழமை ஸ்டெல்லா பாடினாள். பூவினாலா, பிடிவாதத்தினாலா, தெரியாது. இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. அதற்குத் தொண்டை காரணமில்லை, மணப்பெண்ணின் முகம்.

திங்கட்கிழமை விமான நிலையம் போகும் வழியில் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனோம். கல்லாவுக்குப் பின்னால் போத்தில் காலியாக நின்றது. எங்கள் ஊர் பைபாஸ் ஓரமெல்லாம் இந்தப் பூ கொட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு பிடிகூட நான் யாருக்கும் பறித்துக் கொடுத்ததில்லை. இவள் கடைசிப் பிடியை முன்பின் தெரியாதவளுக்குக் கொடுத்திருக்கிறாள்.

"பாடினீங்களோ அக்கா?"

ஸ்டெல்லா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று, மாதா பாட்டை முதலடியிலிருந்து பாடத் தொடங்கினாள். அந்தப் பெண் எட்டி, இரைந்துகொண்டிருந்த கெண்டியின் சுவிட்சை அணைத்தாள்.