சிவப்புச் சீட்டு ஒட்டிய சுருள்

கடைசி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நான் ஹேர் டிரையரைப் பிடித்திருந்தேன். அம்மா அலைவெண் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு சோதனைப் பலகை. அதில் ஒரு கிளாக் சிப். கருவியின் மற்றச் சிப்புகளுக்கெல்லாம் தாளம் போட்டுக் கொடுப்பது அதுதான்.

"இன்னும் கிட்டக் காட்டுடி. பயந்து பயந்து பிடிச்சா அதுக்கு எப்படிச் சூடேறும்?"

சூடேறியது. நிலையாக நின்ற எண் தடுமாறி ஓடத் தொடங்கியது. அதிகச் சூட்டையும் தாங்கும் ரகம் என்று மேலே எழுதியிருந்த சிப் அது.

அம்மா மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிப்பவள். அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. அங்கே அவளுக்கு 'மோப்பம்' என்று பெயர். வீட்டிலும் அப்படித்தான். கேட்காமலே விலையைக் குறைத்த கடைக்கு மறுபடி போக மாட்டாள்.

"என்னையும் சுரண்டிப் பாத்துத்தான் கட்டிக்கிட்டியா?" என்பார் அப்பா.

"சுரண்டினேன். ஒண்ணும் வரல. அதான் இன்னும் சந்தேகமா இருக்கு."

இந்தச் சிப்புகள் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புக்கு வந்தவை. தாளம் தவறினால் மருந்தின் அளவும் தவறும். விற்றவர் அவளுடைய தம்பி. சிப்புகள் வரிசையாகப் பதிந்து வந்த நாடாச் சுருளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி ஸ்டோரில் நிறுத்திவைத்துவிட்டு, அதில் ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

அசல் சிப்பில் எழுத்து லேசரால் பொறித்தது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தாலும் போகாது. அம்மா துடைத்தாள். பஞ்சு கறுத்தது, எழுத்து அழிந்தது: மட்ட ரகச் சிப்பின் மேல் பூசி எழுதிய போலி. ஆத்திரத்தில் கொண்டுவந்த அத்தனையையும் துடைத்து மொட்டையாக்கிவிட்டுத்தான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எழுத்து இல்லாத சிப்பை எந்த ஆய்வகமும் இன்ன சுருளுடையது என்று ஏற்காது.

"அவனையும் எவனாவது ஏமாத்தியிருக்கலாம்," என்றாள். அவள் யாருக்கும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை குளியலறை வாசலில் விழுந்தாள். மாரடைப்பு.

சடங்கெல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகும் மாமா உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அதில் பொய் இல்லை.

"அக்கா அந்தப் பம்பு சிப்பு ஏதாவது வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாளாம்மா?"

"எதுக்கு மாமா?"

"சும்மாதான். இருந்தா குடு, நானே தொழிற்சாலைல சேத்துடறேன்."

"அத ஆய்வகத்துக்கு அனுப்பணும்னு அம்மா சொன்னாங்க."

"அக்காவுக்கு வேற வேலை இல்ல. பஞ்ச வெச்சுத் தேச்சிருப்பா, எழுத்து போயிருக்கும். அப்புறம் அத எவன் நம்புவான்?"

அம்மா எதையும் தேய்த்துப் பார்ப்பாள் என்பது தம்பிக்குத் தெரியும். இந்தச் சிப்பில் எழுத்து போகும் என்பது எப்படித் தெரியும்? நான் அவரிடம் சொல்லவில்லையே.

"தேடிப் பாக்கறேன் மாமா."

அவர் பார்வை மேசை இழுப்பறைக்குப் போய்த் திரும்பியது.

அவர் போனதும் அம்மாவின் தொழிற்சாலை ஸ்டோர்காரருக்கு போன் செய்தேன்.

"சீட்டு இன்னும் இருக்கும்மா. நாளைக்கு அம்மா இடத்துக்குப் புது ஆள் வர்றாராம். அவர் கையெழுத்துக்கு முதல்ல அந்தச் சுருளத்தான் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னது?"

"மேலேருந்து சொன்னாங்க. யாருன்னு தெரியல."

நான் சர்க்யூட் வடிவமைப்பவள். அந்த ஸ்டோருக்குள் நுழைய எனக்கு அனுமதி இல்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்து விழுவதற்குள் சுருளிலிருந்து எழுத்து அழியாத துண்டு ஒன்றை வெட்டி, ஆய்வகத்தில் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலை அம்மா கிளம்பிக்கொண்டிருந்தது அதற்குத்தான்.