மூன்று கண்ணிகளும் ஒரே பக்கம்

சென்ற வாரம் தேனியில் ஒரு வாட்ச் கடைக்காரரிடம் திட்டு வாங்கினேன்.

"யாருக்கா இதக் கழட்டுனது?"

"நான்தான்ணே."

"நீங்களா? மூணு கண்ணியையும் ஒரே பக்கத்துல உருவியிருக்கீக!"

அதில் என்ன தப்பு என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தபோது கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன்னால் அந்த வாட்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது அப்பாவுடையது. சுவிட்சர்லாந்தில் செய்தது. கண்ணி கண்ணியாகக் கோத்த கனமான ஸ்டீல் செயின். அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. பத்து வருடத்துக்கு முன்னால், காய் நல்ல விலைக்குப் போன ஒரு சீசனில், யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய் வாங்கி வந்தார்.

"மணி பார்க்கத்தானே? சுவத்துல கடிகாரம் ஓடலையாக்கும்?" என்றாள் அம்மா.

"காயை அள்ளிப் பார்க்குற கை இது. யாவாரத்துல எதுத்தாப்புல நிக்கிறவன் மொதல்ல கையத்தான் பார்ப்பான்," என்றார் அப்பா.

அன்று கட்டியவர், குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான் கழற்றுவார்.

போன வருடம் ஆடி மாதம் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். டாக்டர் வாராவாரம் எடை பார்த்து எழுதச் சொன்னார். அப்பா மெஷினில் ஏறவே மாட்டேன் என்றார். "அதெல்லாம் எதுக்கு? எனக்கு வாட்ச் சொல்லும்."

எப்படிச் சொல்லும்? காலையில் குளித்துவிட்டு வந்து வாட்ச்சைக் கட்டுவார். செயினுக்கு அடியில் ஒரு விரலை நுழைப்பார். ஒரு விரல் போனால் உடம்பு அப்படியே இருக்கிறது என்று கணக்கு.

ஒரு நாள் இரண்டு விரல் போனது. சுலபமாகப் போனது. அப்பா அன்று இட்லித் தட்டைத் தொடவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உண்மையைப் பேசியிருக்க வேண்டுமா? இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும்... கேஸை மூடினேனா என்று பாதி வழியில் வீடு திரும்புகிறவள் நான். மகளின் டிபன் பாக்ஸை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பேன். அப்படிப்பட்டவள், இந்த விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தேன்.

கண்ணி கழற்றுகிற சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கினேன். வீடியோவை ஏழு முறை பார்த்தேன். கண்ணியின் உள்பக்கம் பொடியாக ஓர் அம்புக்குறி இருக்கும். அது காட்டுகிற திசையில் கருவியின் ஊசியைத் தள்ளினால், கண்ணியைக் கோத்திருக்கிற பின் வெளியே வந்துவிடும். அதுவரைக்கும்தான் பார்த்தேன். மீதி வீடியோவை ஓட விட்டிருக்கலாம்.

அப்பா குளிக்கப் போகும்போது வாட்ச் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். எனக்கு இருபது நிமிடம்.

"என்னம்மா பண்ற?" என்றாள் மகள் யாழினி. யு.கே.ஜி. எல்லாவற்றையும் கேட்கிற வயது.

"தாத்தா வாட்ச்சைத் துடைக்கிறேன்டி."

ஒரு கண்ணியை எடுத்துவிட்டுச் செயினை மறுபடி இணைத்தேன். எடுத்த கண்ணியை யாழினியின் பழைய கண்மை டப்பாவில் போட்டு மூடினேன்.

அப்பா வந்தார். கட்டினார். ஒரு விரல்தான் போனது.

"பார்த்தியாம்மா, அப்படியே நிக்குது!"

இரண்டு இட்லி சாப்பிட்டார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். சந்தோஷமா, பயமா... இன்றைக்கும் தெரியாது.

ஐப்பசியில் இன்னொன்று. மார்கழியில் ஒன்று. மூன்று கண்ணிகள். ஒவ்வொரு முறையும் "அப்படியே நிக்குது" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். நல்ல ஏமாற்றுதான் என்று என்னையே சமாதானமும் செய்துகொண்டேன்.

அந்த மார்கழியில்தான் அப்பாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. விரல் விட்டுப் பார்த்து முடித்ததும், கர்ச்சீப்பைச் சின்னதாக மடித்துச் செயினுக்கு அடியில் சொருகிக்கொள்வார்.

"என்னப்பா இது?"

"வேர்க்குதும்மா."

போடிமெட்டிலிருந்து இறங்குகிற காற்றுக்கு நாங்கள் ஜன்னலையே திறக்காத மாதம் அது. வேர்க்குமா? நான் கேட்கவில்லை. அவர் மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல், கன்றிப்போய் ஒரு தடம் இருந்தது. டிரிப்ஸ் ஏற்றிய இடம் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். கையைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் போய்விட்டார்.

வாட்ச் மாப்பிள்ளைக்கு என்று முன்பே சொல்லியிருந்தார். என் கணவருக்குக் கொஞ்சம் பெரிய கை. அதனால்தான் கண்மை டப்பாவோடு அந்தக் கடைக்குப் போனோம்.

"ரெண்டு பக்கமும் சமமா எடுக்கணும்கா," என்றார் கடைக்காரர். "அப்பத்தான் லாக்கு கைக்கு அடியில, நடுவுல உக்காரும். நீங்க பன்னெண்டு மணிப் பக்கமே மூணையும் எடுத்ததுல லாக்கு நகந்து இங்கன வந்துருச்சு." தன் மணிக்கட்டின் ஓரத்து எலும்பைத் தொட்டுக் காட்டினார். "சதை இருக்கவுகளுக்கே குத்தும். போட்டிருந்தவுக ஒண்ணும் சொல்லலையா?"

சொல்லவில்லை.

ஒரு கை காயை அள்ளியதுமே, அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார் அப்பா. பத்து வருடம் நடுவில் உட்கார்ந்திருந்த லாக் இடம் மாறியது அந்தக் கைக்கா தெரியாது? முதல் கண்ணியிலேயே தெரிந்திருக்கும். மூன்றாவதில் எலும்பில் ஏறியிருக்கும். "லாக்கு குத்துதும்மா, சரி பண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், கண்ணி போனது அவருக்குத் தெரியும் என்று நான் தெரிந்துகொள்வேன். அதனால் கர்ச்சீப்பை மடித்திருக்கிறார்.

அப்படியென்றால் "அப்படியே நிக்குது" என்று யாருக்காகச் சொன்னார்? அந்த இரண்டு இட்லியை யாருக்காகச் சாப்பிட்டார்?

கடைக்காரர் பத்து நிமிடத்தில் மூன்று கண்ணிகளையும் அதனதன் இடத்தில் சேர்த்துவிட்டார். லாக் நடுவில் உட்கார்ந்தது. கணவர் கட்டிப் பார்த்தார். சரியாக இருக்கிறதா என்று செயினுக்கு அடியில் விரலைக் கொண்டுபோனார்.

"வேண்டாங்க," என்றேன். "விரல் விட்டுப் பார்க்காதீங்க."

அவர் என்னை எழுப்பி, கையைப் பிடித்து வண்டி வரைக்கும் கூட்டிப்போனார்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. யாழினி ஒன்றாம் வகுப்பு. புது ஷூ.

"கடிக்குதாடி?" என்று தினமும் கேட்கிறேன்.

"இல்லம்மா," என்கிறாள், தாத்தாவின் பேத்தி.

நான் சாக்ஸையும் கழற்றிப் பார்க்கிறேன்.