தெங்கேராக் கடலும் அம்மாவும்

தெங்கேராவில் கடல் வற்றும்போது எழும் சேற்று வாசனை என்னை எட்டு வயதுக்கு இழுத்துப் போகிறது. மெர்டேக்கா என்று நாடு விடுதலை பெற்ற வருஷம். பாப்டிஸ்ட் போதகர் அம்மாவை அந்தக் கடலில்தான் முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்தார். கோயில் தலைவரான மாமா கரையிலிருந்து கத்தினார்: "இனிமே என் வீட்டுப் படி ஏறாதே!"

மாற்றுச் சேலை பையிலேயே இருந்தது. அம்மா சொட்டச் சொட்ட காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீடு வரை நடந்தாள், வேண்டுமென்றே மாமா வீட்டைத் தாண்டி. "படி ஏறல அண்ணே, ரோட்டுலதான் போறேன்!"

பதினெட்டு வயதில், எனக்கு விசுவாசம் வரவில்லை என்று ஞானஸ்நானத்தை மறுத்தேன். சபைப் பெண்கள் வீடு தேடி வந்தார்கள். "ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றீங்க, சொந்த மகளைத் தண்ணியில இறக்க முடியலையாக்கா?"

அம்மா வேதாகமத்தைப் பட்டென்று மூடினாள். "பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம்னு தண்ணி தெளிக்கக் கூடாதுன்னு நாமதானே சொல்றோம்? அவளா நம்பி இறங்கணும். நான் பிடிச்சுத் தள்ளினா அது வெறும் குளியல்."

அவர்கள் போனதும் அடுப்படியில் நின்று அழுதாள். பரலோகத்தில் நான் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்று நிஜமாகவே பயந்தாள்.

மறுவாரம் சிங்கப்பூர் பஸ் ஏறினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள். அவள் சாகும்முன் நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவைதான்.

"தினமும் உனக்காக ஜெபிப்பேன், அதை உன்னால தடுக்க முடியாது. ஆனா எனக்காக மட்டும் தண்ணியில இறங்கிடாதடி."