பத்தரைக்குள்ள பேர மாத்து

எங்க ஆபீஸ்ல ஓனர் டேபிளுக்குப் பின்னாடி ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அன்னைக்கு வெள்ளிக்கிழமை தாள்ல நல்ல நேரம் ஒன்பதரை டு பத்தரைங்கிறத செவப்புப் பேனால வட்டம் போட்டு வச்சிருந்தாரு. வட்டம்னா சும்மா வட்டம் இல்ல, தாள் கிழியிற அளவுக்கு ரெண்டு மூணு சுத்து. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள கம்பெனி சர்வரோட பேர நான் மாத்தி முடிக்கணும். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிரும். இத இப்ப டைப் பண்றப்ப சிரிப்பா வருது. ஆனா அதனால போனது என் வேலை இல்ல, ஆபீஸ்ல கூட வேலை பாத்த அக்காவோட வேலை. அதான் சிரிக்க முடியல.

ஆபீஸ் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, ஒரு லாட்ஜுக்கு மேல மாடி. மொத்தம் ஆறு பேரு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கடைக்காரங்களுக்கு ஆர்டர் எடுக்குற சைட்டு நடத்துறோம். வெளியூர் வியாபாரிக சாயங்காலம் உக்காந்து மல்லி இம்புட்டு, பிச்சி இம்புட்டுன்னு போடுவாய்ங்க, அது மெயிலா கடைக்காரருக்குப் போகும், அவரு காலைல கட்டி பஸ்ஸுல ஏத்திவிடுவாரு. அம்புட்டுதான் எங்க தொழில். அந்தச் சைட்டு ஓடுற சர்வர மொதல்ல இருந்து கட்டுனது அக்கா. எனக்கு அஞ்சு வருஷம் மூத்தது, கோரிப்பாளையம் தர்கா பக்கத்துல வீடு. நான் சேர்ந்து அப்பதான் ஆறு மாசம். இன்ஜினியரிங் முடிச்ச திமிரு, வாயி வேற காது வரைக்கும். அக்கா ஒண்ணு சொல்லி முடிக்கிறதுக்குள்ள "தெரியும்க்கா"ம்பேன். "தெரிஞ்சவனுக்கு என்னத்துக்குடா ஆறு மாசமா டெம்பரவரி?"ன்னு கேக்கும். நான் மொறைப்பேன், அதுக்கும் சிரிக்கும்.

அக்காவுக்குச் சென்னைல பெரிய கம்பெனில வேலை கெடச்சிருச்சு. வீட்டுல அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, ஹார்ட் பிரச்சனை, ரெண்டு தங்கச்சி படிக்குது, அந்தச் சம்பளம் வந்தாதான் வீடு ஓடும்ங்கிற நெலமை. அந்த வியாழக்கிழமைதான் இங்க கடைசி நாள். அடுத்த வாரம் ரிலீவிங் லெட்டர் வாங்கிட்டுப் போயி அங்க குடுக்கணும். அது இல்லாம அவிங்க உள்ள சேத்துக்கிட்டாலும் நிரந்தரம் பண்ண மாட்டாய்ங்க, இங்க விட்டதுல இருந்து பதினஞ்சு நாள்தான் டைம். இந்த நேரம் பாத்துதான் எங்க ஓனரு ஜோசியரப் பாத்துட்டு வந்தாரு. இந்தக் கம்பெனி பேரு ராசியே இல்லையாம், கூட்டுத் தொகை எட்டு வருதாம், அதான் ரெண்டு வருஷமா வளரலையாம். புதுப் பேரு ஒண்ண எழுதிக் குடுத்து, வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் மாத்திறச் சொல்லிட்டாரு. போர்டு, பில் புக்கு, டொமைன்ங்கிற சைட்டு விலாசம், சர்வர் பேரு, எல்லாம்.

புதன்கிழமை அக்கா போயி நின்னு பொறுமையாத்தான் சொல்லுச்சு. "சார், பலகை மாத்துற மாதிரி இல்ல சார் இது. பழைய பேர ஊரு பூரா இருக்குற கம்ப்யூட்டரு ஞாபகம் வச்சிருக்கும். அத மறக்கடிக்கவே ரெண்டு நாள் முன்னாடி சொல்லி வைக்கணும். திங்கக்கிழமைனு வைங்க, நான் வேலைய விட்டுப் போனாலும் வந்து மாத்திக் குடுத்துட்டுப் போறேன்."

"திங்கக்கிழமை அஷ்டமிம்மா."

"சார்..."

"உங்க ஆளுகளுக்கு இதெல்லாம் புரியாதும்மா. விடு."

"எங்க ஆளுகள விடுங்க சார், நெட்டுக்கும் புரியாது சார்"னு சொல்லுச்சு அக்கா. எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு. அடிக்கல. ஓனரு என்னையப் பாத்து "நீ பண்ணிருவியாப்பா?"ன்னாரு. நான் "அசால்ட்டா பண்ணிரலாம் சார்"ன்னேன். அக்கா திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. கோவம் இல்ல. அசந்து போன பார்வை.

அன்னைக்கே ஒரு தாள் எழுதிக் குடுத்துச்சு. பதினோரு வரி. எத மொதல்ல மாத்தணும், எதுக்கப்புறம் எத, எல்லாம் வரிசையா. ஏழாவது வரிக்கு மட்டும் அடிக்கோடு. சர்வர் மெயில் அனுப்புறப்ப எதுக்க இருக்குற மெயில் கம்பெனி கதவத் தட்டி "நான் இன்னாரு"ன்னு பேரு சொல்லும். அவன் சும்மா விட மாட்டான். இந்த சர்வர் நம்பர்ல இருக்குற ஆளு பேரு என்னன்னு தனியா விசாரிப்பான். அங்க பழைய பேரே கெடந்துச்சுன்னா ஆள்மாறாட்டம்னு மெயில தூக்கி எறிஞ்சிருவான். அந்தப் பேர நம்ம சர்வர்ல மாத்த முடியாது. சர்வர வாடகைக்கு விட்டவன்கிட்ட எழுதிக் கேட்டுத்தான் மாத்தணும். அதுக்குப் பேரு ரிவர்ஸ், அதுதான் ஏழாவது வரி. "தெரியும்க்கா"ன்னு சொல்லி தாள மடிச்சு பேக்ல சொருகுனேன். எனக்குத் தெரியாது. இப்ப சொல்றதுக்கு என்ன, சத்தியமா தெரியாது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஓனரு சூடம் கொளுத்தி மானிட்டருக்குக் காட்டுனாரு. நான் டொமைன மாத்துனேன், ஒரே கமாண்டுல ஹோஸ்ட்நேம, அதான் சர்வர் பேர, மாத்துனேன், ஸ்கிரீன்ல புதுப் பேரு வந்து நின்னுச்சு. பத்து மணிகூட ஆகல. சைட்டு ஓப்பன் ஆச்சு. எல்லாரும் கை தட்டுனாய்ங்க, கேசரி வந்துச்சு. நான் தாளத் தொறந்துகூடப் பாக்கல. ஞாயித்துக்கிழமை பெரிய முகூர்த்தம், அன்னைக்கு சாயங்காலம் ஆர்டரு குவிஞ்சுச்சு. ஒரு மெயிலும் போகல.

சனிக்கிழமை காலைல ஆபீஸ் படில பூக்கடைக்காரங்க ஏழு பேரு நின்னுட்டு இருந்தாய்ங்க. ஒரு அண்ணே வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு, "யோவ், திருச்சிக்காரன் போனப் போட்டு பூ எங்கய்யான்னு கிழிகிழின்னு கிழிக்கிறான், எனக்கு ஆர்டரே வரலைங்கிறேன். பேர மாத்துனீங்களா இல்ல கம்பெனிய மூடிட்டீங்களா?"ன்னு சலம்பிட்டு இருந்தாரு. ஓனருக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் சிஸ்டம் முன்னாடி உக்காந்து என்னென்னத்தையோ தட்டுறேன், ஒண்ணும் புரியல. அப்ப போன்ல மெசேஜ் வந்துச்சு. அக்கா. பூக்கடை அண்ணே பழக்கத்துல அக்காவுக்கும் போன் போட்டிருக்காரு, அது வீட்டுல இருந்தே வெளியே இருந்து சோதிச்சுப் பாத்திருக்கு. "ரிவர்ஸ் மாத்தலையாடா? ஏழாவது வரி பாரு. சர்வர்ல இருக்குற ஹோஸ்ட்ஸ் ஃபைல்லயும் பழைய பேரு இருக்கும், அதையும் மாத்து. பதறாத." அம்புட்டுதான் மெசேஜ். திட்டு இல்ல, "நான் அப்பவே சொன்னேன்ல"ங்கிற பேச்சு இல்ல. பதறாதன்னு போட்டிருந்துச்சு.

தாளத் தேடி எடுத்து, சர்வர வாடகைக்கு விட்டவனுக்கு எழுதிப் போட்டு, மதியத்துக்குள்ள மெயில் ஓட ஆரம்பிச்சிருச்சு. அண்ணேய்ங்க திட்டிக்கிட்டே கெளம்புனாய்ங்க. ஓனரு என் தோள்ல கை போட்டு "காப்பாத்திட்டப்பா"ன்னாரு. அதோட நிறுத்தியிருந்தா நான் ஒருவேளை சொல்லியிருப்பேன். அடுத்த மூச்சுல கேட்டாரு, "அந்தப் பொண்ணு கோவத்துல போறப்ப எதையாச்சும் நோண்டி விட்டுட்டுப் போயிருச்சோ?"

நான் "பாக்கணும் சார்"னு சொன்னேன்.

இல்லைன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. ரெண்டே வார்த்தை. அத அவரு ஆமான்னு எடுத்துக்கிட்டாரு, எடுத்துக்கிருவாருன்னு எனக்குத் தெரியும். கீழ டீக்கடைக்கு எறங்கிப் போயி அக்கா மெசேஜ அழிச்சேன். எந்தப் பயலும் என் போன எடுத்துப் பாக்கப் போறதில்ல. இருந்தும் அழிச்சேன். டெம்பரவரிய பர்மனென்ட் ஆக்குற மாசம் அது.

லெட்டர் வாங்க அக்கா வந்தப்ப ஓனரு குடுக்கல. "சர்வர்ல கைய வச்சுட்டுப் போன ஆளுக்கு லெட்டரு ஒண்ணுதான் கொறச்சல்"னு ஆபீஸே கேக்க சொன்னாரு. அக்காவுக்கு அவரு என்ன பேசுறாருன்னு மொதல்ல புரியவே இல்ல. புரிஞ்சதும் என்னையத்தான் பாத்துச்சு. நான் ஸ்கிரீனப் பாத்தேன். கீழ டீக்கடைல வச்சு கேட்டுச்சு, "நீ ஒரு வார்த்தை சொல்லுடா. நான் குடுத்த தாளு உன்கிட்டதான இருக்கு, அதக் காட்டு போதும். பதினஞ்சு நாள்ல ஒம்பது நாள் போயிருச்சு." நான் "சொல்றேன்க்கா, மூடு பாத்து சொல்றேன்"ன்னேன். "இன்ஷா அல்லாஹ், சொல்லு"ன்னு டீக்கிளாஸ வச்சுட்டுப் போச்சு. மூடு வந்துச்சு, போச்சு. நான் சொல்லல. சென்னைக்காரய்ங்க அக்காவ வேண்டாம்னு அனுப்பிட்டாய்ங்க. நான் பர்மனென்ட் ஆனேன். இது நடந்து மூணு வருஷம் ஆச்சு, இன்னைக்கு அந்த சர்வருக்கு நான்தான் ஹெட்டு, புதுசா சேந்த பயலுக "சார்"ங்கிறாய்ங்க.

போன மாசந்தான் சொன்னேன். ஏன் அன்னைக்குன்னு கேட்டா தெரியல. ஓனரு போன்ல கிரிக்கெட் பாத்துட்டு இருந்தாரு. சார், அன்னைக்கு மெயில் போகாதது அக்கா பண்ணதில்ல, நான் பண்ணது, எப்படிச் சரி பண்ணணும்னு சொன்னதும் அக்காதான்னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன். மூணு வருஷமா இந்த நிமிஷத்த ஒத்திகை பாத்துட்டுத் திரிஞ்சவன். அவரு நிமிந்து பாத்தாரு. "லூசுப் பயலே"ன்னாரு. திரும்ப மேட்சப் பாத்தாரு. ஓவர் முடிஞ்சதும், "வேணும்னா இப்ப ஒரு லெட்டர் அடிச்சுக் குடுத்துருப்பா, கையெழுத்துப் போடுறேன்"ன்னாரு.

அக்கா இப்ப கோரிப்பாளையத்துல ஒரு சின்னக் கடை வச்சிருக்கு. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், ஆன்லைன் அப்ளிகேஷன். நான் போனப்ப அஞ்சாறு பேரு வரிசைல. என்னையப் பாத்ததும் "வாடா"ன்னுச்சு, வேற ஒண்ணும் கேக்கல. கண்ணாடி போட்டிருக்கு. லெட்டர நீட்டுனேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா, சார்கிட்ட சொல்லிட்டேன்னேன். வாங்கி மேல இருந்து கீழ வரைக்கும் நிதானமா படிச்சுச்சு. தலைப்புல இருந்த கம்பெனி பேருல விரல வச்சுச்சு.

"இந்தப் பேருல நான் ஒரு நாள்கூட வேலை பாக்கலையேடா. நான் வியாழக்கிழமையே போயிட்டேன்ல."

அடிக்கிறப்ப எனக்கு அது தோணவே இல்ல. லெட்டர மடிச்சு என் கைலயே குடுத்துட்டு, கீபோர்டப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு.

"சார் என்ன சொன்னாரு?"

"லூசுப் பயலேன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் லெட்டர் அடிக்கச் சொல்லிட்டு மேட்சப் பாத்தாருக்கா."

தட்டிட்டு இருந்த விரல் நின்னுச்சு. என்னைய நிமிந்து பாத்துச்சு. அந்த மூஞ்சிய எனக்கு எழுதத் தெரியல.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்க்கா."

வரிசைல பின்னாடி நின்ன அம்மா என் தோளுக்கு மேல ஆதார் கார்ட நீட்டுச்சு. அக்கா அத வாங்கிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுடா, அவங்க பாக்கட்டும்"னுச்சு.