எல்லைக்கு அப்புறம் ஒரு கட்டில்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுத்த மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளிச் சுமப்பது மதலேனுக்கு வேலை. மண் கப்பலேறி எங்கோ போகும். எதற்கென்று அவள் கேட்டதில்லை. 1947 ஆனி மாதத்தில்தான் கங்காணி கிருஷ்ணமணி அதன் மதிப்பைச் சொன்னார். வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகப் போகிறதாம்.

“அணுகுண்டு செய்ய இந்த மண்ணுக்கு அமெரிக்காக்காரன் கையேந்தி நிக்கான். நமக்கு எதுக்கு இந்தியா?”

“மண்ண அவிச்சுத் தின்னவா கங்காணியாரே? அரிசி வெளியில இருந்துல்லா வரணும்” என்றாள் கூடச் சுமந்த நாத்தனார் குளோரி.

“மரச்சீனிக் கெழங்கு இல்லியா ஏட்டி?”

எல்லாரும் சிரித்தார்கள். மதலேன் சிரிக்கவில்லை.

“அப்போ தூத்துக்குடி?”

“அது வேற நாடு. ஆரல்வாய்மொழி எல்லையில கேட்ட அடைச்சிருவான். பாஸ் இல்லாம ஈ கூடத் தாண்டாது.”

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில்தான் அவள் புருஷன் ததேயுஸ் கிடந்தான். துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போன இடத்தில் ரத்தமாக இருமினான். சயரோகம் என்று சன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். பாலும் ஊசியுமாக இப்போது கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாளே அவனை வீட்டுக்குக் கூட்டிவர மதலேன் பஸ் ஏறினாள்.

“ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா ஏட்டி? இப்பந்தான் சோறு எறங்குது” என்றான் ததேயுஸ்.

“கேட்ட அடைச்சிட்டா? நான் அங்க, நீங்க இங்க. ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அடக்கத்துக்குக் கூட வர முடியாது.”

“அடக்கம் பண்ணவா நீ கூப்பிடுக?”

அவள் அழ ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவனுக்கு அதுதான் தாங்காது. எழுந்து சட்டையைத் தேடினான். டாக்டர் சத்தம்போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

ஆரல்வாய்மொழியில் சுங்கக்காரன் பஸ்ஸை நிறுத்தினான். கணவாய்க் காற்று சாரலை உள்ளே அடித்தது. மதலேன் தன் முந்தானையால் ததேயுஸின் நெஞ்சை மூடினாள்.

“மூட்டையில அரிசி உண்டா?”

“இல்ல ஏமானே. மேலுக்குச் சொகமில்லாத ஆளு. ஆளுக்கு பாஸ் வேணுமா?”

“ஆளு எத்தன வேணும்னாலும் போகட்டும். அரிசிதான் கூடாது.”

ததேயுஸ் சிரித்தான். “நான் பாதி ஆளுதான் ஏமானே. மீதி இந்தியாவுல கெடக்கு.” சிரிப்பு இருமலாகி, ஊர் வந்து சேரும்வரை நிற்கவில்லை.

ஆடி பாதியாகுமுன் அவன் போய்விட்டான். அடக்கம் கழிந்த வாரத்தில் கிருஷ்ணமணி முற்றத்தில் வந்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“தனி நாடு இல்லியாம் மதலேன். இந்தியாவோட சேந்தாச்சு. கேட்டெல்லாம் அடைக்க மாட்டான்.”

அவள் ததேயுஸின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, “சரி” என்றாள். அந்த மாதம் கழிந்ததும் மறுபடி மண் சுமக்கப் போனாள்.

அண்ணனை ஏன் கூட்டிவந்தாய் என்று குளோரி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று மதலேனுக்குத் தோன்றும்.

1956 நவம்பரில் ஊரெல்லாம் வெடி போட்டார்கள். குளோரி ஒரு பொட்டலம் கல்கண்டோடு வந்தாள்.

“நம்ம தாலுகாவ எல்லாம் மதராசோட சேத்தாச்சு மைனி. இனி நாமளும் தூத்துக்குடியும் ஒண்ணுதானாம்.”

மதலேன் ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அவருக்குச் சன்னல் பக்கத்துக் கட்டிலு” என்றாள். “நல்ல வெளிச்சம் உண்டும்.”

குளோரி பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தாள். வெளியே அடுத்த வெடி வெடித்தது.