நூலில்லாத் தறி

கல்முனை ஜிம்மில் சைக்கிள் மிதிக்கிறேன். எப்போதோ அடிபட்ட என் முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. மிதியின் 'டக் டக்' சத்தம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் மருதமுனையில் இருந்த எங்கள் வீட்டுத் தறியை நினைவூட்டுகிறது.

அப்போது என் தந்தை, எங்கள் வாப்பா, மாட்டுவண்டியிலிருந்து விழுந்து காலை முறித்திருந்தார். முறிவு வைத்தியர் கட்டை அவிழ்த்த பிறகும் முழங்கால் மடங்கவில்லை. முழங்கால் மடித்து நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூது இல்லாமல் உட்கார்ந்தபடி தொழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. நூலே கட்டாத குழித்தறியில் இறங்கி நாள்தோறும் மிதித்தார். சத்தம் கேட்டு வந்த ஒருவர், லுங்கி நெய்வதாக நினைத்து, "சாரன் எப்ப முடியும் காக்கா?" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"சாரன் இல்ல, சுஜூது செய்யக் கால் நெய்யிறன். இன்னும் ரெண்டு முழம் கிடக்கு."

பெருநாள் தொழுகையில் வாப்பாவின் நெற்றி தரையைத் தொட்டது.

"இண்டைக்குப் போதும் மாமா, இறங்குங்க," என்கிறார் பயிற்சியாளர்.

"பொறுங்க தம்பி, இன்னும் ரெண்டு முழம் கிடக்கு."