நாரைகள் எழுந்து போன காணும் பொங்கல்

2003ஆம் வருடம் காணும் பொங்கல் அன்று, முதல் வேன் வந்து நிற்பதற்குள் நாரைகள் போய்விட்டன. பிள்ளைப்பாக்கத்தை அடுத்த அந்தச் சின்ன ஏரியின் கருவேல மரங்களில் குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. மரத்தடிச் சேற்றில் நாலைந்து நாய்கள். கரைமேல் நின்ற சொர்ணம்மாள் கல்லெடுத்து நாய்களை விரட்டினாள்.

அவள் மகளிர் குழுத் தலைவி. மூன்று வருடமாகப் பதினோரு பெண்கள், பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி, மீன்குழம்புச் சாப்பாடு போட்டுப் பிழைத்தார்கள். அதற்காகவே ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. நிலம் கேட்டு வந்த தரகர்களைக்கூட ஊர் திருப்பி அனுப்பியிருந்தது.

"ரொம்ப தூரத்துல இருக்கு, ஒண்ணுமே தெரியலை" என்று பட்டணத்துக்காரர்கள் முகம் சுளித்ததில் வந்தது வினை. ஏரித் தண்ணீரை முழங்கால் அளவுக்கு இறக்கினால் மரத்துக்குக் கிட்டே ஆள் போகலாம், நாய் போகாது என்று கணக்குப் போட்டாள் சொர்ணம்மாள். மதகைத் திறந்து அடைப்பது நீர்க்கட்டி நாகப்பன் வேலை. சாவியை வேறு யாரும் தொடக்கூடாது. அவர் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே மகள் கங்கா வீட்டுக்கு, படப்பைக்குப் போயிருந்தார். அவர் வீட்டுக் கூரை இறவாணத்தில் செருகியிருந்த சாவியை எடுத்துப்போய் நாலு திருகு திருகினாள். இரண்டு நாள் கழித்து மூடப்போனால், கதவு துருப்பிடித்து அசையவில்லை; ஏரி வடிந்து சேறானது. யாரிடமும் சொல்லப் பயம். சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"சாவி அந்தாளு கைலதானே கீது? கழனிக்காரன் எவனாச்சும் கேட்டிருப்பான், ஊருக்குப் போறதுக்கு முன்னாடி தொறந்து வுட்டிருப்பாரு" என்றாள், பொங்கல் முடிந்து கூடிய ஊர்க்கூட்டத்தில், குழுவில் இருந்த ராஜம்மா. "இன்னா சொர்ணா, வாயில கொழுக்கட்டையா? தலைவி நீதானே, பேசு!"

"ஆமா… அவராத்தான் இருக்கும்."

"என் பொண்ணு மேல சத்தியமா நான் தொடல, தங்கச்சி" என்றார் ஊர் திரும்பியிருந்த நாகப்பன்.

ஊர் அவரை நீக்கி, ஆள் வைத்து மதகைச் சரிசெய்து அடைத்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஆனார். அப்புறம் இரண்டு வருடம் நாரை வரவில்லை, வேனும் வரவில்லை. ராஜம்மாவும் மற்றவர்களும் கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனார்கள். காக்கிச் சட்டை போட்ட யாராவது கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் போதும், சொர்ணம்மாள் முக்காட்டை இழுத்துக்கொண்டு சந்துக்குள் ஒதுங்குவாள்.

2005இல் கொட்டிய மழையில் ஏரி நிரம்பியது. மார்கழியில் நாரைகள் இறங்கின. ராஜம்மா கைதட்டிச் சிரித்தாள். சொர்ணம்மாளோ கரையை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். புது நீர்க்கட்டியை வைக்க ஊர்க்கூட்டம் போட்டால் பழைய பேச்சு எழும்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், கங்காவின் கையெழுத்தில் ஒரு இன்லேண்ட் கடிதம் வந்தது.

"தங்கச்சி சொர்ணம்மாளுக்கு, அண்ணன் நாகப்பன் சொல்லி எழுதினது. ஏரி ரொம்பிச்சுன்னு கேள்விப்பட்டேன், சந்தோசம். நைட் ஷிப்ட் ஒடம்புக்கு ஆவல. திரும்ப மதகு பாக்க வரலாம்னு கீறேன். ஊரு என்னை நம்பாது, நீ சொன்னா நம்பும். நான் தொறக்கலன்னு கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லும்மா. நானும் வந்து உன் பக்கத்துலயே நிக்கறேன்."